முதல்கை அனுபவமா, பட்டறிவா?

"முதல்கை அனுபவம்" என்ற சொல் என் முன்னால் வந்து நிற்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. சேலத்தில் ஒரு கல்லூரிப் பட்டிமன்றம்; போரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதில் இருந்த படைவீரருக்கு மட்டும்தான் தகுதியா என்று தலைப்பு. பேசிய பிள்ளைகளில் இரண்டு பேர் "போரில் முதல்கை அனுபவம் உள்ளவர்களே" என்று ஆரம்பிக்க, நடுவரும் அதையே திருப்பிச் சொன்னார். அதற்கு முன்பு ஒரு தொலைக்காட்சி விவாதம், ஒரு நாளிதழ்க் கட்டுரை. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, இந்தச் சொல்லை அவர்களிடம் கொண்டுவந்து சேர்த்த மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான்.

ஃபர்ஸ்ட் ஹேண்ட் என்பதை சொல்லுக்குச் சொல் மாற்றியதில் வந்தது இது. அடுத்தவர் சொல்லிக் கேட்காமல் தானே கண்டு, தானே பட்டுத் தெரிந்துகொண்டது என்று பொருள். அதற்குத் தமிழில் பட்டறிவு இருக்கிறது. படு, அறிவு, "பட்டால்தான் தெரியும்" என்று வீட்டில் சொல்கிறோமே, அதேதான். அனுபவம் வடசொல் என்றாலும் ஊரெல்லாம் புழங்குவது, "நேரடி அனுபவம்" என்று எழுதினாலும் எனக்குச் சரி.

முதல்கையைத்தான் ஏற்க முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கைமுதல் என்றால் வியாபாரத்தில் போட்ட சொந்தப் பணம். சீட்டாட்டத்தில் முதல் கை என்றால் முதலில் இறங்குகிறவர். அழகில்லாத சொல் என்று இதோடு விட்டுவிடலாம்தான், ஆனால் தமிழில் முதல் என்பதற்குத் தலைமையானது என்றும் பொருள் இருப்பதால், அந்தச் சொல் காதில் விழுந்ததுமே போரில் இருந்தவருடைய அறிவு உயர்ந்த தரம், மற்றவர்களுடையது அடுத்த தரம் என்ற நினைப்பும் சேர்ந்தே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பட்டிமன்றத்தில் நடந்தது அதுதான். நிரூபிக்க வேண்டியதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினார்கள்.

பட்டறிவில் அந்தச் சிக்கல் வராது. படுதல் துன்பப்படுவது, களத்தில் விழுந்து சாவதும் படுதல்தான். செங்கம் பக்கத்து நடுகற்களில் "தொறு மீட்டுப் பட்டான்" என்று வெட்டியிருக்கும், மாட்டு மந்தையை மீட்ட சண்டையில் இறந்தான் என்று அர்த்தம். அப்படிப் பட்டவன் வந்து பேசப்போவதில்லை. பிழைத்து வந்தவன் பேசுகிறான், தான் பட்ட அளவுக்கு.

ஏற்காட்டில் மிளகுக்கொடி பார்த்துக்கொண்டு இருக்கும் ஒரு பழைய ராணுவக்காரரைத் தெரியும். 1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தவர். ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப்போய் இன்றைக்கும் சட்டை ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். பட்டிமன்றத் தலைப்பை அவரிடமே கேட்டேன். "நான் போட்ட குண்டு எங்க விழுந்துச்சுன்னு ஒருநாளும் கண்ணால பார்த்ததில்ல தம்பி. வயர்லெஸ்ல அளவு சொல்லுவாங்க, திருப்பி வெச்சுச் சுடுவோம். குளிர்ல கால் மரத்தது தெரியும், கூட இருந்தவன் போனது தெரியும். அதை எவனாவது இல்லைன்னா சும்மா விடமாட்டேன். சண்டை எதனால வந்துச்சுன்னு கேட்டா, நானும் பேப்பர்லதான் படிச்சேன்."

அந்தப் போரில் எங்கே தவறு நடந்தது என்று ஆராய அரசு அமைத்த குழுவின் தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. நான்கு பேரில் படையிலிருந்து வந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் ஹசாரி ஒருவர்தான், பி.ஜி. வர்கீஸ் பத்திரிகையாளர். உளவுத் தகவல் ஏன் வந்து சேரவில்லை என்பதைக் கோப்புகளைப் பார்த்து, பலரை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க முடியும், பீரங்கிப் பக்கத்தில் நின்றவருக்கு அது தெரிய வழியே இல்லை. அதேபோல அந்தக் குளிரைக் கோப்பு சொல்லாது. படைவீரர் இங்கே சாட்சி, அவர் இல்லாமல் விசாரணையே நடக்காது. சாட்சியையே நீதிபதி ஆக்குகிற வேலையை முதல்கை என்ற சொல் சத்தமில்லாமல் செய்கிறது என்பதுதான் என் புகார்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே போதும். செகண்ட் ஹேண்ட் பைக்கை சேலம் ஐந்து ரோட்டில் யாரும் இரண்டாம் கை வண்டி என்று சொல்லி விற்பதில்லையே! ஒருவர் நேரில் பார்த்ததைச் சொன்னால் நேரில் கண்டவர் கூற்று என்று எழுதுங்கள், பட்டுத் தெரிந்தது என்றால் பட்டறிவு, பிறர் சொல்லி வந்தது என்றால் கேள்விப்பட்டது.