நாடி பார்க்கும் வாட்ச் விரலையும் பார்க்கிறது

ஸ்மார்ட்வாட்ச்சின் அடிப்பக்கத்தில் மினுக்கும் பச்சை விளக்கு ரத்தத்தைப் பார்ப்பதற்கானது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். சிவப்பை அந்த அளவுக்கு விழுங்காது. செல்போன் டார்ச்சின் மேல் விரலை வைத்தால் விரல் செக்கச்செவேல் என்று ஒளிர்வது அதனால்தான். இதயம் சுருங்கும்போது மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் சற்றுக் கூடும், திரும்பி வரும் பச்சை ஒளி சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் திரும்பும் ஒளியில் துடிப்பால் மாறுவது மிகச் சிறு பங்குதான். கை ஆடினால் அதைவிடப் பெரிய அலைகள் எழும். சாதாரணமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வரை வைக்கிறோம். அந்த நேரத்தில் இதயமும் ஏறக்குறைய அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது வாட்ச் காலடியை எண்ணிவிட்டு அதையே நாடித்துடிப்பு என்று காட்டிவிடும். இதைத் தவிர்க்க, உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் ஆட்டத்தைத் தனியாக அளக்கிறது. மென்பொருள் அந்தத் தாளத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் இதயத்தைத் தேடுகிறது. பட்டையைத் தொளதொளவென்று கட்டியிருந்தால் இந்தக் கழித்தலும் கைகொடுக்காது.

விரலை மட்டும் அசைத்தாலும் அலை கலங்கும். விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு இடது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள், தசை நெளிவது தெரியும். அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாகத்தான் விரலுக்குப் போகின்றன. அவை நகரும்போது சுற்றியுள்ள ரத்தமும் கொஞ்சம் இடம் மாறுகிறது. நாடி எண்ணுகிறவருக்கு அது குப்பை. ஆப்பிள் நிறுவனம் 2021-ல் அந்தக் குப்பையையே கட்டளையாக்கியது. ஒரு கை இல்லாதவர்களும் கையசைவில் சிரமம் உள்ளவர்களும் திரையைத் தொடாமல், விரல்களைக் கிள்ளுவதுபோல் சேர்த்தோ முஷ்டியை மடக்கியோ வாட்ச்சை இயக்க வழி வந்தது. நாடி பார்க்கும் அதே ஒளி சென்சார், முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப் மூன்றும் சேர்ந்து அந்த அசைவைக் கண்டுபிடிக்கின்றன. 2023-ல் இதே வழி, விரலை இருமுறை தட்டி அழைப்பை எடுக்கும் வசதியாகப் பொதுப் பயன்பாட்டுக்கும் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்தது பிறகு எல்லோருக்கும் பயன்படுவது தொழில்நுட்பத்தில் பழைய கதைதான், ஆனால் கேட்க அலுப்பதில்லை.

இதைவிட நேரான வழி தசையின் மின்சாரத்தையே அளப்பது. மூளையின் கட்டளை நரம்பு வழியாகத் தசைக்கு வந்ததும் தசை இழைகளில் சிறு மின்துடிப்பு ஓடும். தோலின்மேல் வைத்த உலோகத் தகடுகளால் அதைப் பிடிக்கலாம். விரல் கண்ணுக்குத் தெரியும்படி அசையக்கூட வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளைக் கொண்டு இப்படியொரு மணிக்கட்டுப் பட்டைக்குப் பயிற்சி அளித்து, 2025-ல் நேச்சர் அறிவியல் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். விரலால் எழுதுவதுபோல் அசைத்து நிமிடத்துக்குச் சுமார் 21 சொற்கள் வரை உள்ளிட முடிந்தது. முக்கியமான விஷயம், பயிற்சிப் பதிவுகளில் இல்லாத புதியவர்களின் கையிலும் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சரிசெய்யாமலே அது வேலை செய்தது. அதே ஆண்டு இப்படிப்பட்ட பட்டை மெட்டாவின் ஸ்மார்ட் மூக்குக் கண்ணாடியோடு விற்பனைக்கும் வந்தது.

விரல் கட்டளையில் ஒரு சௌகரியம் உண்டு. கணினி தப்பாகப் புரிந்துகொண்டால் உடனே தெரிந்துவிடும், மறுபடி தட்டினால் போயிற்று. கணினி உணர்ச்சியை ஊகிக்கும்போது அந்த வசதி கிடையாது.

மனம் பரபரப்பானால் உள்ளங்கை வியர்க்கும், தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். 1888-லேயே பிரான்ஸில் மருத்துவர் சார்லஸ் ஃபெரே இந்த மாற்றத்தைக் கவனித்து எழுதினார். இன்றைய கைப்பட்டைகள் இதை மைக்ரோசீமென்ஸ் என்ற மின்கடத்தல் அலகில் கோடாகப் பதிவு செய்கின்றன. திடீர்ச் சத்தம் கேட்டால் ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் கோடு மேலே எழும். பயத்திலும் எழும், லாட்டரி விழுந்தாலும் எழும். வெயிலில் நடந்து வந்தால் சொல்லவே வேண்டாம். பரபரப்பு எவ்வளவு என்பதுதான் கோட்டில் இருக்கிறது, எதனால் என்பது இல்லை.

சரி, மன அழுத்தம் என்று வாட்ச் எப்படிச் சொல்கிறது? முதலில், அழுத்தம் இதுதான் என்று யாராவது அதற்குக் காட்ட வேண்டும். அதற்கு ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் முறை ஒன்று ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் வந்தது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழுவின் முன் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாக வாய்விட்டுக் கழிக்க வேண்டும், தவறினால் முதலிலிருந்து. யாருக்கும் வியர்க்கும்! அங்கே எடுத்த பதிவில் பழகிய மென்பொருள், வீட்டுக் கடனை நினைத்துப் படுத்திருப்பவரையும் அதே அச்சில்தான் பார்க்கும். ஆகவே வாட்ச் தரும் ஒற்றை எண்ணைவிட, ஒருவரின் வழக்கமான அளவிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பார்ப்பதே உருப்படியானது. கூடவே அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் தெரிய வேண்டும்.

இந்த ஊகம் மேலதிகாரியின் கையில் போனால் விவகாரம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி, 2025 பிப்ரவரி முதல் வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் உடற்குறிகளை வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் கருவிகளுக்குத் தடை இருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு.