பிள்ளை பெற்ற பிறகு நான்கு விம்பிள்டன்

பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலி, இடுப்புவலி என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெண்களில் கல்லூரி அணியிலும் மாவட்ட அணியிலும் ஆடியவர்கள் உண்டு. பூப்பந்து, வாலிபால், டென்னிஸ் என்று ஓடியாடியவர்கள். மறுபடி ஆடலாமா என்று அவர்கள் கேட்பதே அரிது. "இனிமே அதெல்லாம் ஏது மேடம்" என்று தாங்களாகவே முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர், நூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேய டென்னிஸ் வீராங்கனை டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ்.

1878இல் லண்டனின் ஈலிங் பகுதியில் பிறந்தவர். தந்தை ஹென்றி டக்ளஸ் அங்கே பாதிரியார். சிறு வயதில் சுவரில் பந்தடித்துப் பழகிய பெண், 1903இல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை முதன்முறையாக வென்றார். 1904இலும் 1906இலும் மீண்டும் வென்றார். நடுவில் 1905இல் அமெரிக்காவிலிருந்து வந்த மே சட்டனிடம் தோல்வி. 1907இலும் அவரிடமே தோல்வி. அந்த 1907இல்தான் ராபர்ட் லாம்பர்ட் சேம்பர்ஸுடன் திருமணம். அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஆனால் அதே 1908இல் விம்பிள்டன் காலிறுதியில் அவரை வீழ்த்திப் பட்டத்தையும் வென்றவர் சார்லட் கூப்பர் ஸ்டெரி. அவருக்கு அப்போது வயது 37, இரண்டு பிள்ளைகளின் தாய். விம்பிள்டன் பெண்கள் ஒற்றையரில் அதைவிட அதிக வயதில் இன்றுவரை யாரும் வென்றதில்லை.

என் துறைக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான். 1909இல் டொரோதியா விம்பிள்டனில் ஆடவில்லை. முதல் குழந்தை பிறந்த காலம். 1910இல் திரும்பி வந்து பட்டம் வென்றார். 1911இன் இறுதிப் போட்டியில் டோரா பூத்பியை 6-0, 6-0 என்று ஒரு கேம்கூட விடாமல் வென்றார். 1912இல் இரண்டாவது குழந்தைக்காக மறுபடி விலகல். 1913, 1914 இரண்டிலும் பட்டம். மொத்தம் ஏழு பட்டங்களில் நான்கு, தாயான பிறகு வந்தவை. அதன் பிறகு ஒரு தாய் விம்பிள்டன் ஒற்றையரை வெல்ல 1980இல் ஆஸ்திரேலியாவின் இவான் கூலகாங் வரும்வரை உலகம் காத்திருந்தது.

இரண்டு முறையும் அவர் ஒரு விம்பிள்டனை முழுதாக விட்டுக்கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். ஆடவே கூடாது என்ற பயம் ஒரு தவறு என்றால், நாற்பது நாள் கழிந்ததும் ஓடத் தொடங்குவது இன்னொரு தவறு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசைகள். ஒன்பது மாதம் பாரம் சுமந்து, பிரசவத்தில் பல மடங்கு இழுபட்டு, அவை தளர்ந்திருக்கும். சிசேரியன் என்றாலும் அந்த ஒன்பது மாதப் பாரம் இருந்ததுதானே! அதோடு, மேல்தோல் ஆறிய பிறகும் வயிற்றின் உள்ளடுக்குகள் பலம் பெற இன்னும் மாதங்கள் ஆகும். ஓட்டம், குதித்தல், சட்டென்று திரும்புதல் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு முன் தொடங்க வேண்டாம் என்பதே இன்றைய பிசியோதெரபி வழிகாட்டுதல். அதற்குப் பிறகும் காலண்டரைப் பார்த்து நான் அனுமதி தருவதில்லை. அரைமணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா, நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட முடிகிறதா, ஒவ்வொரு காலிலும் பத்து முறை குதிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். இவற்றில் எதைச் செய்யும்போதும் வலியோ, சிறுநீர்க் கசிவோ, அடியில் ஏதோ இறங்குவது போன்ற பாரமோ வரக் கூடாது.

கசிவைப் பற்றித்தான் பெண்கள் வாயே திறப்பதில்லை. தும்மினால், சிரித்தால், குழந்தையைத் தூக்கினால் கசிகிறது என்பதைக் கடைசியில், கதவருகே போன பிறகு சொல்வார்கள். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று அம்மாவே சொல்லியிருப்பார். இது பரவலாக இருக்கிறது என்பது உண்மை. அதனாலேயே இதைச் சகித்துக்கொண்டு வாழ வேண்டும் என்பதில்லை. முறையாகக் கற்றுக்கொண்டு சில மாதம் விடாமல் செய்யும் தசைப்பயிற்சியில் பெரும்பாலானோருக்கு நல்ல முன்னேற்றம் தெரியும்.

டொரோதியா 1910இல் பெண்களுக்காக ஒரு டென்னிஸ் நூலே எழுதினார். விளையாட்டு பெண் உடலுக்குக் கேடு என்ற பேச்சு ஓங்கியிருந்த காலம் அது. அதில் உடையைப் பற்றியும் எழுதினார். அவர் ஆடியது நீண்ட பாவாடையும் இடுப்பை இறுக்கும் கார்செட்டும் அணிந்துதான். வயிற்றை இறுக்கினால் உள்ளே உள்ள அழுத்தம் கீழ்நோக்கித்தான் போகும். பிரசவத்துக்குப் பின் தொப்பை போகட்டும் என்று வயிற்றில் துணியை மூச்சு முட்டக் கட்டுகிறவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். தளர்வான தாங்கலாகச் சில வாரம் இருக்கட்டும். இறுக்கிக் கட்டுவதால் தசைக்குப் பலம் வராது.

அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் ஆட்டம், அவர் தோற்ற ஒன்று. முதல் உலகப் போரால் 1915 முதல் 1918 வரை விம்பிள்டன் இல்லை. 1919இல் மறுபடி தொடங்கியபோது அவருக்கு 40 வயது. அன்றைய விதிப்படி முந்தைய சாம்பியன் இறுதிச் சவாலில் மட்டும் ஆடினால் போதும். எதிரே பிரான்ஸின் சுசான் லெங்லன், 20 வயது, கார்செட் இல்லாத குட்டைச் சட்டை. அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பார்த்துக்கொண்டிருக்க, முதல் செட் லெங்லனுக்கு 10-8. இரண்டாவது செட் டொரோதியாவுக்கு 6-4. மூன்றாவதில் 1-4 என்று பின்தங்கியவர் எட்டிப் பிடித்து 6-5, 40-15க்கு வந்துவிட்டார். கையில் இரண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது அடுத்த இரண்டு புள்ளியில் ஒன்றை எடுத்தாலே ஆட்டம் அவருக்கு. முதலாவதில் பந்து லெங்லனின் மட்டை மரச்சட்டத்தில் பட்டு, வலைக்கு மேல் எழும்பி இந்தப் பக்கம் விழுந்தது. இரண்டாவதையும் லெங்லன் மீட்டார். செட் 9-7 என்று முடிந்தது. மொத்தம் 44 கேம்கள். 1970 வரை விம்பிள்டன் பெண்கள் இறுதியில் அதைவிட நீண்ட ஆட்டம் இருக்கவில்லை.

பாய்ந்து வெல்வது டொரோதியாவின் பாணி அல்ல. பின்கோட்டில் நின்று, இடம் பார்த்துப் பந்தை அனுப்பி எதிராளியை ஓடவைப்பார். ஆனால் நாற்பதில் அப்படி ஆடவும் தசை வேண்டும். முப்பதைத் தாண்டினால் தசை மெல்லக் குறையத் தொடங்கும். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்தால் அந்தத் தேய்மானத்தைப் பெரிதும் தள்ளிப்போடலாம். நாற்பதில் ராக்கெட்டைத் திரும்ப எடுப்பவர்களிடம் முதலில் தொடை, பிட்டம், கெண்டைக்கால் மூன்றையும் பலப்படுத்தச் சொல்வது இதனால்தான். பழைய வேகத்தை நினைத்துக்கொண்டு முதல் நாளே முழு ஆட்டம் ஆடி, கெண்டைக்கால் கிழிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1920இல், 41 வயதில், சாம்பியன் என்ற சலுகை இல்லாமல் ஒவ்வொரு சுற்றாக ஆடி மறுபடி லெங்லனை எதிர்கொள்ளும் இடத்துக்கு வந்தார். இம்முறை தோல்வி நேர் செட்களில். 1925இல் பிரிட்டிஷ் பெண்கள் அணியின் கேப்டனாக அமெரிக்காவின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் சென்று, 46 வயதில் அமெரிக்க வீராங்கனை எலனார் காஸை ஒற்றையரில் வென்றார். அதே போட்டியின் இரட்டையரிலும் வென்றார். அதில் எதிர்ப்பக்கம் நின்ற இருவரில் ஒருவர், இருபது ஆண்டுக்கு முன் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்த மே சட்டன். 1928இல் தொழில்முறைப் பயிற்சியாளராகி, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கப் போனார்.