மெக்கானிக்கல் கீபோர்டு சத்தம் எங்கிருந்து வருது, அதை எப்படி அடக்கறது

மெக்கானிக்கல் கீபோர்டு சத்தமா இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் உடனே வர்ற பதில், உள்ள ஃபோம் வெச்சு அடைங்க, இல்லன்னா ஓ-ரிங்ங்கற ரப்பர் வளையம் மாட்டுங்க. மாட்டின பிறகும் ஸ்பேஸ்பார் மட்டும் லொடலொடன்னு அப்படியே இருக்கும், காசு போனதுதான் மிச்சம். ஏன்னா கீபோர்டு சத்தம்ங்கறது ஒரே சத்தம் கிடையாது. ஒரு கீயை அமுக்கி விடறதுக்குள்ள அதுக்கு அடியில இருக்குற ஸ்விட்ச் உள்ள மேலயும் கீழயும் போய் வர்ற பாகம், அதாவது ஸ்டெம், பக்கச் சுவத்துல உரசுது, ஸ்பிரிங் சுருங்கும்போது ங்ங்ன்னு ஒரு ரீங்காரம் போடுது, ஸ்டெம் கீழ போய் அடிமட்டத்துல டக்குன்னு மோதுது, விட்டதும் மேல எகிறி வந்து ஸ்விட்ச் மூடியோட உள்பக்கத்துல இன்னொரு மோது மோதுது, பெரிய கீயா இருந்தா அதுக்கு அடியில இருக்குற கம்பி வேற ஆடுது. இது அத்தனையும் ஸ்விட்ச் மாட்டியிருக்குற பிளேட்டுக்குப் போய், பிளேட்டுலேர்ந்து வெளிக்கூடான கேஸுக்குப் போய், கேஸுலேர்ந்து மேஜைக்கும் இறங்கிடும்.

இதுல எது ஜாஸ்தின்னு கண்டுபிடிக்காம வேலையை ஆரம்பிக்கவே கூடாதுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரே அளவு சத்தம் போடற ரெண்டு இடத்துல ஒண்ண சுத்தமா நிறுத்திட்டாக்கூட மொத்தத்துல குறையறது 3 டெசிபல்தான், காதுக்கு அது லேசான வித்தியாசம். ஒரு இடம் மத்ததை விட 10 டெசிபல் ஜாஸ்தின்னு வைங்க, அந்த சின்ன சத்தத்தை முழுசா ஒழிச்சாலும் மொத்தத்துல அரை டெசிபல்கூட குறையாது. அதனால பெரிய சத்தம் எதுவோ அதுலதான் மொதல்ல கைய வைக்கணும்.

கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல, ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு உக்காந்தா போதும். ஒரு கீயை ரொம்ப மெதுவா அமுக்குங்க, சொரசொரன்னு கேட்டா அது உரசல். டக்குன்னு அமுக்கி அப்படியே பிடிச்சுக்கிட்டா கேக்கறது கீழ மோதற சத்தம், ரீங்காரம் இருந்தா அதுவும் அதோட பின்னாடியே இழுக்கும். பிடிச்ச கீயிலேர்ந்து விரலை சட்டுன்னு வழுக்கி எடுத்தா மேல மோதறது தனியா கேக்கும், நெறைய பேரு கவனிக்காம விடறது இதைத்தான். அப்புறம் ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் நாலையும் ஓரத்துல லேசா தட்டிப் பாருங்க. கடைசியா ஒரு துண்டை நாலா மடிச்சு கீபோர்டுக்கு அடியில வெச்சு அடிச்சுப் பாருங்க, சத்தம் நல்லா குறைஞ்சா குத்தம் பாதி மேஜை மேல, தடிமனான டெஸ்க் மேட் ஒண்ணு போட்டாலே தீந்துச்சு.

இப்ப ஸ்விட்ச்சுக்கு வருவோம். இன்னைக்கு கடையில கிடைக்கற பெரும்பாலான ஸ்விட்ச் ஜெர்மனியோட செர்ரி கம்பெனி 1984ல அமெரிக்க பேட்டன்ட் வாங்கின எம்எக்ஸ் டிசைனோட வழி வந்ததுதான், கேட்டரான், கைல், அவுட்டெமு எல்லாமே அந்த வடிவம். அதுல எம்எக்ஸ் ரெட்ங்கற வகையை எடுத்துக்கிட்டா மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டர்லயே எழுத்து பதிஞ்சுடும், அந்த இடத்துல தேவைப்படற அழுத்தம் சுமார் 45 கிராம். ஆனா வேகமா டைப் பண்றவங்க யாரும் 2 மில்லிமீட்டர்ல விரலை நிறுத்தறதில்ல, அடி வரைக்கும் போய்த்தான் நிக்குது. பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக் மோதி கண்ணிமைக்கற நேரத்துல ஒரு சின்ன துளி நேரத்துக்குள்ள நின்னுடறதால மோதற விசை ஜாஸ்தி, கூர்மையான சத்தமும் ஜாஸ்தி, விரல் நுனிக்கும் அதே அடி விழுது. நடுவுல மெத்துனு ஏதாவது இருந்தா நிக்கற நேரம் நீளும், விசையோட உச்சம் இறங்கும், காதுக்கும் விரலுக்கும் ஒரே நேரத்துல நிம்மதி.

ஓ-ரிங் செய்யறதும் இதைத்தான், விரல் படற கீகேப்புக்கு உள்ள நீட்டிட்டு இருக்குற தண்டுல மாட்டற ரப்பர் வளையம். ஆனா அது கீழ மோதறதை மட்டும்தான் தடுக்கும், மேல வந்து மோதறது அப்படியே இருக்கும், இறங்கற தூரமும் குறையும், போதாக்குறைக்கு கீகேப் உள்ள குறுக்கு விட்டம் இருக்குற டிசைன்ல ஒரு மாதிரியும் இல்லாத டிசைன்ல ஒரு மாதிரியும் உக்காரும். எனக்கு ஓ-ரிங் எப்பவுமே பிடிச்சதில்ல. அதே காசை சைலன்ட் ஸ்விட்ச்சுக்கு சேத்து வைக்கறது நல்லது, அதுல ஸ்டெம்லயே மேலயும் கீழயும் மெத்துனு ரப்பர் வெச்சிருப்பாங்க, ரெண்டு மோதலும் அடங்கும். எம்எக்ஸ் சைலன்ட் ரெட்ல அந்த ரப்பர் இடம் பிடிச்சுக்கறதால மொத்த தூரம் 3.7 மில்லிமீட்டர், எழுத்து பதியறது 1.9ல. அடியில போய் நிக்கும்போது லேசா கொழகொழன்னு இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது, வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ஸ்விட்ச் மட்டும் வாங்கி அமுக்கிப் பாத்துக்கங்க. புளூ ஸ்விட்ச் வெச்சிருக்கவங்களுக்கு ஒரே வழி மாத்தறதுதான், அதோட டிக் சத்தத்துக்குன்னே ஸ்டெம்ல தனியா ஒரு பாகம் வெச்சு செஞ்சிருக்காங்க, என்ன அடைச்சாலும் அது போகாது.

உரசலுக்கும் ரீங்காரத்துக்கும் லூப் பண்ணணும், அதாவது வழுவழுப்புக்கு கிரீஸோ எண்ணெயோ தடவணும். கிரைடாக்ஸ் 205 ஜி0 ன்னு ஒரு வெள்ளை கிரீஸ், எல்லாரும் அதைத்தான் எடுக்கறாங்க, நடுவுல இடறல் இல்லாம ஒரே சீரா இறங்கற லீனியர் ஸ்விட்ச்சுக்கு அது சரியான தேர்வுதான். ஸ்விட்ச்சைத் திறந்து ஸ்டெம்மை எடுத்து, பொடி பிரஷ்ல கிரீஸை தொட்டு டப்பா ஓரத்துல நல்லா வழிச்சுட்டு, ஸ்டெம்மோட ரெண்டு பக்க மேட்டுலயும் அது ஓடற பள்ளத்துலயும் ஒரு இழுப்பு இழுக்கணும், அவ்ளோதான். வெளிச்சத்துல பாத்தா லேசா மினுமினுப்பு மட்டும் தெரியணும், வெள்ளையா படிஞ்சு தெரிஞ்சா ஜாஸ்தி ஆயிடுச்சு, கீ மந்தமா எழும்பும். மின் இணைப்பு குடுக்கற காண்டாக்ட் தகடு பக்கம் போகவே கூடாது, அங்க கிரீஸ் சேந்தா சில சமயம் எழுத்து பதியாது. நடுவுல ஒரு இடறல் தெரியற டாக்டைல் ஸ்விட்ச்சா இருந்தா ஸ்டெம்முல முன்னாடி நீட்டிட்டு இருக்குற ரெண்டு சின்ன காலை விட்டுடுங்க, விரல்ல தெரியற அந்த இடறலே அந்தக் காலோட வளைவுலேர்ந்துதான் வருது. ஸ்பிரிங் எல்லாத்தையும் ஒரு ஜிப் கவர்ல போட்டு கிரைடாக்ஸ் 105 எண்ணெய் சில சொட்டு விட்டு குலுக்கினா ரீங்காரம் அடங்கிடும். தையல் மெஷின் எண்ணெய் இருக்கே, தேங்காண்ணெய் இருக்கேன்னு தயவுசெஞ்சு இறங்காதீங்க, தண்ணியா ஓடி கீழ சர்க்யூட் வரைக்கும் போகும், தூசியை இழுத்துப் பிடிச்சுக்கும், பெட்ரோலியம் எண்ணெய் சில பிளாஸ்டிக்கை விரிசல் விட வெச்சுடும்.

ஆனா என்னைக் கேட்டா நூத்துக்கு நூறு கவனம் குடுக்க வேண்டிய இடம் பெரிய கீயை சாயாம தாங்கற ஸ்டெபிலைசர்தான். வழக்கமான ஸ்பேஸ்பார் ஒரு எழுத்து கீயை விட ஆறேகால் மடங்கு நீளம், ஸ்விட்ச் இருக்கறது நடுவுல மட்டும், ஓரத்துல அமுக்கினா சாஞ்சு மாட்டிக்கும். அது நடக்காம இருக்க ரெண்டு ஓரத்துலயும் ஒரு பிளாஸ்டிக் தாங்கி, ரெண்டையும் சேத்து ஒரு வளைச்ச ஸ்டீல் கம்பி. கம்பியோட நுனி அந்த பிளாஸ்டிக் துளைக்குள்ள நுழையற இடத்துல கொஞ்சூண்டு இடைவெளி இருக்கும், அது இல்லாம கம்பி அசையவும் முடியாது, அந்த இடைவெளியிலதான் கம்பி அடிச்சுக்கிட்டு லொடலொடங்குது. கம்பியைக் கழட்டி கண்ணாடி மேல படுக்க வைங்க, ஒரு முனையைத் தொட்டா இன்னொரு முனை தூக்கிச்சுன்னா கம்பி கோணல், கையாலயே கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு சமம் பண்ணுங்க. அப்புறம் நுனி ரெண்டுலயும் கெட்டியான, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தாராளமா, இங்க கஞ்சத்தனம் வேணாம், இடைவெளியை அடைக்கறதே அந்த கிரீஸ்தான். தாங்கி கீழ வந்து மோதற இடத்துல துணி பேண்ட்-எய்டோட பஞ்சு இல்லாத பகுதியை ஒரு துண்டு வெட்டி ஒட்டினா அந்த மோதலும் மெத்துனு ஆயிடும். இத்தனைக்கும் செலவு நூறு இருநூறு ரூபா தாண்டாது, ஆனா கேக்கற வித்தியாசம் வேற எதுலயும் கிடைக்காது.

ஃபோம் வீண்னு நான் சொல்ல வரல. காலி அரிசி டின்னை தட்டினா எழும்பற சத்தத்துக்கும் முக்கால்வாசி அரிசி இருக்குற டின்னை தட்டினா வர்ற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கேஸ் ஃபோம், உள்ள இருக்குற வெத்திடம் அதிர்ந்து பெருக்கறதை நிறுத்துது. அழுத்தி அடைச்சு பிசிபி, அதாவது உள்ள இருக்குற சர்க்யூட் பலகை, வளையற அளவுக்கு மட்டும் போகாதீங்க. பிசிபி பின்னாடி மாஸ்கிங் டேப் ரெண்டு மூணு அடுக்கு ஒட்டறது சத்தத்தை குறைக்கறதை விட அதோட குரலை மாத்தறதுதான் ஜாஸ்தி, கீச்சுன்னு இருந்தது கொஞ்சம் கனமா கேக்கும். பிளேட் ஸ்டீலுக்கு பதிலா பாலிகார்பனேட் இருந்தாலோ, பிளேட்டை ஸ்குரூ போட்டு இறுக்காம ரப்பர் பட்டை மேல மிதக்க விடற கேஸ்கெட் மவுன்ட் இருந்தாலோ அடிக்கும்போது மொத்தமும் துளி இறங்கிக் குடுக்கும், விரலுக்கு அதுவும் சுகம்.

மெத்துனு வேணும்னு லேசான ஸ்பிரிங் மாத்தறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். ஸ்பிரிங் லேசா இருந்தா விரலோட வேகத்தை அது குறைவாத்தான் வாங்கிக்கும், மிச்சம் அத்தனையும் அடிமட்டத்துல போய் இறங்கும், அமுக்கறது சுலபம் ஆனா மோதற சத்தம் ஏறும். கனமான ஸ்பிரிங்ல அது குறையும், பதிலுக்கு கீ மேல எகிறற வேகம் கூடி மேல மோதற சத்தம் ஏறும், சாயந்தரம் ஆனா விரலும் வலிக்கும். சைலன்ட் ஸ்விட்ச்சோட லேசான ஸ்பிரிங் சேத்தா ரெண்டு பிரச்சினையும் ரப்பரே பாத்துக்கும், எனக்குத் தெரிஞ்சு சத்தமும் வேணாம் விரலும் நோகக் கூடாதுங்கறவங்களுக்கு இதை விட நல்ல ஜோடி இல்ல. ஸ்விட்ச்சை அப்படியே சொருகி எடுக்கற ஹாட்ஸ்வாப் போர்டா இருந்தா ஸ்விட்ச்சைப் பிடுங்கி மாட்டறது ஒரு மணி நேர வேலை. ஸ்விட்ச்சை ஈயம் உருக்கி ஒட்டின, அதாவது சால்டர் பண்ண போர்டா இருந்தா ஒவ்வொரு ஸ்விட்ச்சோட ரெண்டு காலையும் உருக்கி எடுக்கணும், பழக்கம் இல்லாதவங்க அதுல கைய வைக்காம டெஸ்க் மேட், கேஸ் ஃபோம், அப்புறம் கீகேப்பை மட்டும் கழட்டி ஸ்டெபிலைசர் கம்பி நுனியில ஊசி போடற சிரிஞ்சால கிரீஸ் விடறது, இதோட நிறுத்திக்கலாம்.