மூன்றாவது வாளி ஏன் வெளுக்கிறது?

“ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்?” என்று சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்த பகுதி அது. மழை பிடிக்குமுன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிட்டிகைக் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. பவுடரும் கணக்கைக் குழப்பும், தண்ணீரும் குழப்பும்.

முதலில் பவுடர். ஆலையிலிருந்து புதிதாக வரும் சரக்கில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதம், வேலை செய்யும் குளோரின். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில், ஈரக்காற்று படுகிற இடத்தில் கிடந்தால் அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். கட்டிதட்டி, மூக்கருகே கொண்டுபோனாலும் வாடை வராத பவுடர் கிட்டத்தட்ட வெறும் சுண்ணாம்பு. தெருவோரம் தூவுவதற்காகச் சுண்ணாம்பு கலந்து வைத்திருப்பதைக் குடிநீரில் போடவே கூடாது.

அடுத்தது தண்ணீர். குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போகாது, எதிர்ப்படும் எல்லாவற்றோடும் மல்லுக்கு நிற்கும். இரும்பு, சேறு, அழுகிய இலைச்சாறு, சாக்கடையின் ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் தங்கள் பங்கைத் தின்றது போக மிஞ்சுவதுதான் கிருமிக்கு. அரைமணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சாதாரண நாளில் குழாய்த் தண்ணீருக்கு 0.2 போதும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500. உச்சவரம்பு 5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

குளோரினைத் தின்னும் சரக்குகளில் அம்மோனியா தனி ரகம். சாக்கடை கலந்த தண்ணீரில் அது கட்டாயம் இருக்கும், சிறுநீரின் யூரியா உடைந்து வருவது. ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருப்பதாக வைத்துக்கொண்டு, குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்ப்போம். முதல் மில்லிகிராம் போனதும், அம்மோனியாவின் மூன்று ஹைட்ரஜன்களில் ஒன்று எழுந்திருக்க, அந்த இருக்கையில் குளோரின் உட்கார்ந்துவிடுகிறது. பெயர் மோனோகுளோரமைன். சோதித்தால் ‘குளோரின் இருக்கிறது’ என்றே காட்டும். இரண்டாவது மில்லிகிராமுக்கு இன்னும் கூடுதலாகக் காட்டும். 2.5 வரை இப்படியே ஏறுமுகம்.

அதற்குமேல்தான் வேடிக்கை. 3 மில்லிகிராம் போட்டால், 2.5 போட்டபோது காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். 3.5 போட்டால் இன்னும் குறையும். 3.8-ஐ நெருங்கும்போது ஏறத்தாழ ஒன்றுமே இல்லை! இத்தனை குளோரினும் எங்கே போனது? இரண்டாவது இருக்கையும் பறிபோனால் அம்மோனியா, டைகுளோரமைன் ஆகிறது. அது நிலையில்லாத பேர்வழி. அதிலிருந்து இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து, நாம் மூச்சில் இழுக்கும் அதே நைட்ரஜன் வாயுவாகக் காற்றோடு போய்விடும். குளோரின், சமையல் உப்பில் இருக்கும் சாதுவான குளோரைடாகத் தண்ணீரில் தங்கிவிடும். சாக்கடையின் அம்மோனியாவைக் காற்றாக்கி வெளியேற்றிவிட்டுத் தானும் உப்பாகிப்போகிறது. இந்த இடத்துக்கு முறிவுப்புள்ளி என்று பெயர். இதைத் தாண்டிப் போடும் ஒவ்வொரு துளியும் எதோடும் சேராத தனிக்குளோரினாக அப்படியே நிற்கும்.

நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை பெரும்பாலும் இந்தக் குளோரமைன்களுடையது. வாடை தூக்கலாக இருந்தால் மருந்து அதிகமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம். பல சமயம் மருந்து பற்றாமல், முறிவுப்புள்ளிக்கு இந்தப் பக்கமே நின்றுபோயிருக்கும். தனிக்குளோரின் நிமிடங்களில் முடிக்கும் வேலைக்கு மோனோகுளோரமைனுக்கு மணிக்கணக்கு ஆகும்.

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். 30 கிராம் பவுடரைப் பிளாஸ்டிக் மக்கில் கொஞ்சம் தண்ணீர்விட்டுக் கூழாகக் குழைத்து, ஒரு லிட்டராக்கி, அரைமணி நேரம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவுதான் ஒரு சதவீதக் கரைசல். அடியில் படிவது சுண்ணாம்பு, அது வேண்டாம். நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் தலா 10 லிட்டர், குடிக்கப்போகும் அதே தண்ணீர். ஊசி இல்லாத சிரிஞ்சால் முறையே 1, 2, 4, 8 மில்லி கரைசலை விட்டுக் கலக்குங்கள். லிட்டருக்கு 1, 2, 4, 8 மில்லிகிராம் குளோரின் என்று கணக்கு. அரைமணி நேரம் மூடிவைத்துவிட்டு, குளோரோஸ்கோப்பில் (நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளவைச் சொல்லும் சோதனைப் பெட்டி) மாதிரி எடுத்து, குளோரின் பட்டால் மஞ்சளாகும் ஆர்த்தோடாலிடின் மருந்தைச் சொட்டுவிட்டு மஞ்சள் நிறத்தைப் பாருங்கள். சொட்டு கலந்த மாதிரி நஞ்சு, வாளியில் திருப்பி ஊற்றாமல் கீழே கொட்டுங்கள்.

நல்ல தண்ணீர் என்றால் மஞ்சள் படிப்படியாக ஏறும். 0.5 காட்டும் முதல் வாளிதான் உங்கள் அளவு. அது இரண்டாவது வாளி என்றால், 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்குக்கு 100 மில்லி கரைசல். பவுடர் கொஞ்சம் வீரியம் குறைந்திருந்தாலும் கவலையில்லை. சோதித்த கரைசலையே டேங்கிலும் ஊற்றுவதால் அந்தக் குறை கணக்கிலேயே வந்துவிடுகிறது.

சாக்கடை கலந்த தண்ணீர் வேறு கதை சொல்லும். மேலே கண்ட அளவு அம்மோனியா இருந்தால், இரண்டாவது வாளி நல்ல மஞ்சள், மூன்றாவது வெளுப்பு, நான்காவது அடர் மஞ்சள். இரண்டாவதைப் பார்த்து ‘போதும்’ என்பவர் ஏமாறுகிறார், அது குளோரமைன் மஞ்சள். சொட்டு விட்ட முதல் 10 விநாடிக்குள் தெரிவது தனிக்குளோரின், நின்று ஏறுவது குளோரமைன் என்று ஒரு அடையாளம் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் அது மங்கிவிடும் என்பதால் மூன்றாவது வாளியின் வெளுப்பையே நம்பலாம். அப்படி வெளுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வேறு தண்ணீர் தேடுவதுதான் முதல் யோசனை. வேறு வழியே இல்லையென்றால் 5, 6 மில்லி வைத்து மறுபடி சோதித்து, கொதிக்கவும் வையுங்கள்.

20 லிட்டருக்கு ஒன்று என்று கொடுக்கப்படும் 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை (67 என்பது மருந்துச் சேர்மத்தின் எடை, குளோரின் அதில் ஒரு பகுதிதான்), லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் குளோரினைத் தருகிறது. தெளிந்த நல்ல தண்ணீருக்கு அது சரி. மேலே சொன்ன தண்ணீரில் போட்டால், ஏமாற்றும் அந்த இரண்டாவது வாளிதான் கிடைக்கும். முதல் உலகப்போரிலேயே பிரிட்டிஷ் ராணுவம் இந்த வாளிச் சோதனையின் அண்ணனை, ஹாராக்ஸ் பெட்டி என்ற பெயரில் ஆறு வெள்ளைக் கிண்ணங்களோடு தூக்கிக்கொண்டு திரிந்தது. நூறாண்டு கழித்தும் நிவாரணப் பையில் பவுடர் பொட்டலம் போடுகிறவர்களுக்குச் சொட்டுப்புட்டி ஒன்றையும் சேர்த்துப் போடத் தோன்றுவதில்லை. புதுச் சுத்திகரிப்புக் கருவிக்குக் கோடிகளில் ஆராய்ச்சி நிதி ஒதுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. தெருவுக்கு ஒரு சோதனைப் பெட்டி முதலில் வரட்டும்.

பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் எண்) விஷயமும் ஒன்று உண்டு. கிருமியை அடிப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு என்பதால் கிருமியின் எதிர்மின் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடும். பி.எச். 7.5-ல் குளோரினில் பாதிதான் இந்த உருவில் இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்கு. பவுடரின் சுண்ணாம்பு பி.எச்.சை ஏற்றும், அடியில் படிந்ததைத் தள்ளச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

கலங்கிய தண்ணீரை முதலில் தெளியவைத்து, நான்காக மடித்த வேட்டியில் வடிகட்டி, பிறகுதான் குளோரின். வெட்டிவேரும் துளசியும் போட்ட மண்பானையில் குளோரின் தங்காது, அவையே தின்றுவிடும். செம்புக்குடம் கிருமியைக் கொல்வது உண்மை, ஆனால் மணிக்கணக்கில். வெள்ளத்தன்று அதை நம்பி உட்கார முடியாது. ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து வைப்பவர்கள் கவனிக்க: கரி வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடுவதால் அந்தத் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமாவது சேர்த்தே சேமிக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மின்சாரம் இருக்கும்போதே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். வெள்ளம் சம்ப்புக்குள் புகுந்துவிட்டால் மோட்டாரைத் தொடவே வேண்டாம், ஒரே ஏற்றில் மேலே இருக்கும் நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். வடிந்தபின் சம்ப்பை இறைத்து, சேறெடுத்து, நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பவுடரைக் கரைத்து விட்டு ஒருநாள் ஊறவைத்துக் கொட்டுங்கள். மூடிக் கிடந்த சம்ப்பில் பிராணவாயு குறைந்திருக்கலாம், சட்டென்று இறங்கக் கூடாது. பவுடரோடு கழிவறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானதால் அது குழியின் அடியிலேயே தேங்கும்.

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்தது இதுதான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே மூன்று நிமிடம். டீசலோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் குளோரினும் உதவாது, கொதியும் உதவாது.

தண்ணீர் தயாரானதும் குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி இருட்டான இடத்தில் வையுங்கள். சொம்பை முக்கி எடுக்க வேண்டாம். மறுநாள் காலையில் மாதிரி எடுத்து, அதில் ஒரு சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டுப் பாருங்கள். மஞ்சள் 0.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் 10 லிட்டருக்கு ஒரு மில்லி கரைசல், மீண்டும் அரைமணி நேரம்.