அசிடிட்டி: அமிலத்தன்மையா, புளிப்பா?

'பிரகாசமான அமிலத்தன்மையும் நடுத்தர உடலும் கொண்ட எஸ்பிரெசோ.' தமிழில் காப்பியைச் சுவைத்து மதிப்பெண் போட்டு எழுதுகிறவர்களிடம் இந்த வாக்கியம் ஏதாவதொரு வடிவில் வந்துவிடுகிறது. அந்த 'உடல்' இப்போதைக்குக் கிடக்கட்டும். அமிலத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் காப்பிச் சுவைஞர்கள் சொல்லும் 'அசிடிட்டி'யைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். அமிலம் என்றதும் தமிழ் படிக்கிற ஒருவருக்கு என்ன நினைவுக்கு வரும்? பேட்டரி, சோதனைக்குழாய், கழிவறை கழுவும் திரவம். அது பிரகாசிக்கவும் செய்கிறது என்றால் கோப்பையை யார் தொடுவார்கள்?

அசிடிட்டி என்று அப்படியே எழுதிவிட்டுப் போகலாமே என்பவர்களும் உண்டு. அதற்கும் வழியில்லை. பேச்சுத் தமிழில் அந்தச் சொல்லை வயிறு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 'எனக்கு அசிடிட்டி' என்று ஒருவர் சொன்னால் நெஞ்செரிச்சல் என்றுதான் பொருள். 'இந்த எஸ்பிரெசோவில் அசிடிட்டி அருமை' என்று பாராட்டினால் படிப்பவர் மாத்திரையைத் தேடுவார்.

சொல்லின் பிறப்பில் பெரிய சிக்கல் இல்லை. லத்தீனில் அசிடுஸ் என்றால் புளிப்பானது. வேதியியல் வளர்ந்தபோது, புளிப்பான பொருட்களுக்குப் பொதுவான குணத்துக்கு அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். நாம் எழுதும் அமிலமும் அப்படித்தான். வடமொழியில் அம்லம் என்பது புளிப்புச் சுவையின் பெயர். ஜெர்மானியர் அமிலத்துக்கு வைத்திருக்கும் பெயரும் அவர்களுடைய புளிப்பிலிருந்து வந்ததே. ஆக்சிஜன் என்ற பெயரின் முன்பாதி கிரேக்கத்தில் கூர்மையையும் புளிப்பையும் குறிக்கும். எல்லா இடத்திலும் முதலில் நாக்கு, பிறகுதான் ஆய்வுக்கூடம். காப்பிச் சுவைஞர் அசிடிட்டி என்று சொல்லும்போது அந்தப் பழைய, நாக்கின் பொருளைத்தான் சொல்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர் அதைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுகிறார். நாக்குக்கு உரிய சொல் புளிப்பு. கன்னடத்தில் ஹுளி, மலையாளத்தில் புளி என்று உறவினரோடு இருக்கும் சொல். அறுசுவையில் ஒன்று. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

'அமிலத்தன்மை என்பதும் சரிதானே, காப்பியில் அமிலங்கள் இருக்கின்றனவே' என்று ஒரு பதில் வரும். இருக்கின்றன. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக், ஆப்பிளில் உள்ள மாலிக், வினிகரில் உள்ள அசிட்டிக், காப்பிக்கே உரிய குளோரோஜெனிக் வகைகள், அவை வறுவலில் சிதைந்து தரும் குவினிக் என்று நீண்ட பட்டியல். ஆனால் சுவைஞர் அளப்பது இவற்றின் அளவை அல்ல. கறுப்புக் காப்பியின் பிஎச் (அமிலத்தின் கடுமையைக் காட்டும் எண், அது இறங்கினால் கடுமை ஏறும்) பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். ஆரஞ்சுச் சாறு அதைவிடக் கடுமையான அமிலம். ஒரே பிஎச் காட்டும் இரண்டு காப்பிகளில் ஒன்று நாக்கில் சுள்ளென்று இருக்கலாம், மற்றொன்றில் புளிப்பே தெரியாமல் போகலாம். எந்த அமிலம், மொத்தம் எவ்வளவு, கூடவே எவ்வளவு இனிப்பும் கசப்பும் என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகும் விஷயம் அது. கோப்பை ஆறும்போதுகூட மாறும். சூட்டில் ஒளிந்திருந்த புளிப்பு ஆறியபின் எழுந்து வரும், பிஎச் அதற்காக இறங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு சொற்களும் வேண்டும், அதனதன் இடத்தில். சோயாப் பாலைச் சூடான எஸ்பிரெசோவில் ஊற்றினால் சில நேரம் திரிதிரியாகப் பிரிந்துவிடும். அது அமிலத்தன்மையின் வேலை, அங்கே அந்தச் சொல்லைத் தாராளமாக எழுதலாம். அதே எஸ்பிரெசோவைப் பாலில்லாமல் ஒரு மடக்குக் குடித்தால் வாயூறுகிறதே, அது புளிப்பு. இரண்டுக்கும் அமிலத்தன்மை என்றே எழுதுகிறவரால் 'அமிலத்தன்மை ஒன்றுதான், புளிப்பு வேறு' என்ற எளிய உண்மையைச் சொல்லவே முடியாது.

இனி எதிர்க்கட்சியின் வலுவான வாதம். ஆங்கிலத்தில் அசிடிட்டி என்றும் சோர் (sour) என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன, முன்னது பாராட்டு, பின்னது குறை, ஆகவே தமிழிலும் அமிலத்தன்மை பாராட்டுக்கு, புளிப்பு குறைக்கு என்று பிரித்துக்கொண்டோம் என்கிறார்கள். கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தொடக்கமே தவறு. ஸ்பெஷாலிட்டி (உயர்தர) காப்பி சங்கத்தின் பழைய 100 மதிப்பெண் சுவைத்தாள் உலகெங்கும் பழக்கமானது. அதில் 80-ம் அதற்கு மேலும் வாங்கினால்தான் ஸ்பெஷாலிட்டி என்ற பெயர் கிடைத்தது. அந்தத் தாளில் அசிடிட்டி ஒரு கட்டம். அதன் விதிமுறை என்ன சொன்னது? அசிடிட்டி நன்றாக அமைந்தால் பிரைட் என்பார்கள், மோசமாக அமைந்தால் சோர் என்பார்கள் என்றது. அதாவது அசிடிட்டி நடுநிலைச் சொல், பாராட்டும் குறையும் அதன் இரண்டு பக்கங்கள். தாளிலும் இதற்கு இரண்டு அளவுகள் இருந்தன. எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்று குறிக்க ஒரு நெடுக்குக் கோடு, எவ்வளவு நன்று என்பதற்கு மதிப்பெண். கூடுதலாக இருந்தும் மதிப்பெண் குறையலாம், மெல்லியதாக இருந்தும் நிறைய வாங்கலாம். இந்த நடுநிலைக் கட்டத்துக்குத் தமிழில் புளிப்பைத் தவிர வேறு எது பொருந்தும்?

உலக பாரிஸ்டா (எஸ்பிரெசோ போடுபவர்) போட்டியின் பழைய மதிப்பெண் தாளிலும் எஸ்பிரெசோவுக்கு ஒரு கேள்வி இருந்தது: இனிப்பும் புளிப்பும் கசப்பும் ஒத்திசைந்திருக்கின்றனவா? இதை 'இனிப்பு, அமிலம், கசப்பு' என்று தமிழாக்கிப் பாருங்கள். இரண்டு சுவை, ஒரு வேதிப்பொருள். மூன்று உறவினரை அழைத்த பந்தியில் ஒருவருக்குப் பதில் அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையை உட்கார வைத்ததுபோல் இருக்கிறது.

புளிப்பைக் குறைக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. புளிப்பு என்று எழுதினாலே கெட்டுப்போனது என்று பொருள் ஆகிவிடுகிறது. 'புளித்துப்போனது' என்கிறோமே, அந்த வாடை ஒட்டிக்கொள்கிறது என்பது இப்படிப் பிரிப்பவர்களுடைய கவலை. கவலைக்குக் காரணம் வினைச்சொல். புளித்தல் என்ற வினை நொதித்தலைக் குறிக்கும், கெட்டுப்போவதையும் குறிக்கும். புளிப்பு என்ற பெயரோ எந்தப் பழியும் இல்லாத சுவைப்பெயர். திராட்சையைப் பற்றி 'கொஞ்சம் புளிப்பு, ஆனால் நன்றாக இருக்கிறது' என்று சொல்பவர் யாரும் திராட்சை அழுகிவிட்டது என்று சொல்லவில்லை. பழத்தில் பழுதில்லாத சொல் காப்பியில் மட்டும் எப்படிப் பழுதாகும்? காப்பிக்கொட்டையும் ஒரு பழத்தின் விதைதான்.

தனித்தமிழ் அன்பர்கள் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறார்கள். அமிலம் வடசொல், ஆகவே 'காடித்தன்மை' என்கிறார்கள். வேதியியலில் அமிலத்துக்குக் காடி என்று எழுதும் வழக்கம் உண்டு, கந்தகக் காடி என்று படித்திருப்போம். அங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும். தூய்மையில் எனக்கும் விருப்பம் உண்டு. ஆனால் காடி என்பதன் நாட்பட்ட பொருள் புளிக்க வைத்த நீர், வினிகர். எஸ்பிரெசோவில் வினிகர் தலைகாட்டுகிறது என்றால் பழத்தின் சதை அளவுக்கு மீறி நொதித்துவிட்டது, பதப்படுத்தியதில் கோளாறு என்று பொருள். சுவைஞர் மதிப்பெண்ணைக் குறைக்கும் இடம் அது. ஒரு நல்ல காப்பியைப் பாராட்ட எடுத்த சொல் அதன் மிக மோசமான குறையின் பெயராக வாய்த்திருக்கிறது. வடசொல்லை விரட்டிய வேகத்தில் வீட்டிலேயே இருந்த புளிப்பைக் காணவில்லை. காடிப்புளிப்பு என்ற சொல்லை அந்தக் குறைக்கு வைத்துக்கொண்டால் கச்சிதமாக இருக்கும், இவர்களுக்கு அதற்காக நன்றி.

பாராட்டுக்கு என்ன சொல்? தேட வேண்டியதே இல்லை. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் தலைவி தானே துழந்து சமைத்தது 'தீம்புளிப் பாகர்'. தீம் என்றால் இனிய, பாகர் என்றால் குழம்பு. கணவன் 'இனிது' என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது என்கிறது பாட்டு. புளிப்பு இனிக்கும் என்பதும், அதற்கு மதிப்பெண் கொடுக்கலாம் என்பதும் அன்றைக்கே தெரிந்த விஷயம். அன்றாட எழுத்தில் 'இனிய புளிப்பு' போதும். சுவைத்தாளில் சுருக்கமாக வேண்டுமென்றால் தீம்புளிப்பு.

மற்ற நிலைகளுக்கும் தமிழில் பஞ்சமில்லை. பல் கூசும் புளிப்பு உண்டு, முகம் சுளிக்க வைக்கும் புளிப்பு உண்டு, வாயூற வைப்பது உண்டு, இளம்புளிப்பு உண்டு. ஓர் எஸ்பிரெசோவை எடுத்துக்கொள்வோம். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் சாறு, சுமார் 9 பார் அழுத்தம், 25 முதல் 30 விநாடி என்பது இன்று பலரும் தொடங்கும் கணக்கு. தூள் பருமனாக இருந்து அதே 36 கிராம் 15 விநாடியில் கொட்டிவிட்டதென்று வையுங்கள். அமிலங்கள் தூளிலிருந்து முதலிலேயே இறங்கிவிடும், இனிப்பையும் கசப்பையும் தருபவை பின்னால்தான் வரும். முன்னால் வந்தது மட்டும் கோப்பையில் இருக்கும், வெளிறிய நிறத்தில், தண்ணீர்போல. ஒரு மடக்கில் பல் கூசும், கண் சுருங்கும், விழுங்கியதும் சுவை காணாமல் போகும். கூடவே நாக்கில் உப்பு தட்டினாலும் தட்டும். இது சாறு சரியாக இறங்காத பச்சைப் புளிப்பு. தூளை நைஸாக அரைத்து அதே கொட்டையில் 28 விநாடி ஓடவிட்டால் புளிப்பு எங்கும் போய்விடாது. இனிப்பு வந்து அதைத் தாங்கிக்கொள்ளும். அப்போதுதான் பழத்தின் நினைவு வரும். முதலாவதையும் இரண்டாவதையும் 'உயர் அமிலத்தன்மை' என்றே எழுதும் விமர்சனத்தால் குடிப்பவருக்கும் பயனில்லை, போட்டவருக்கும் பயனில்லை.

பால் சேர்த்த வகைகளில் இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். பாலின் புரதமும் கொழுப்பும் புளிப்பின் முனையை மழுக்கிவிடும். தனியாகக் குடிக்கையில் தூக்கலாக இருந்த எஸ்பிரெசோ, கப்புச்சினோவில் அடங்கிப் பழ வாசனையோடு நிற்கலாம். பச்சைப் புளிப்போ பாலிலும் அடங்காது, கெட்ட தயிரை நினைவூட்டும். இரண்டுக்கும் வேறு பெயர் இருந்தால்தானே மதிப்பெண் வேறாக இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியும்.

பிரைட் என்பதைப் 'பிரகாசம்' ஆக்குவது அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம். நாக்குக்கு வெளிச்சம் தெரியாது. துள்ளலான புளிப்பு என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் பேச்சு வாடை இருந்தாலும் பொருள் உடனே பிடிபடும். சிலர் 'சுறுசுறுப்பான' என்கிறார்கள். அது வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் ஒலிக்கிறது.

இப்போது அந்த உடல். பாடி என்பதை உடல் என்று பெயர்த்தவர் யாரோ, வாழ்க. நடுத்தர உடல், முழு உடல், மெலிந்த உடல் என்று படிக்கும்போது மருத்துவரின் அறை நினைவுக்கு வருகிறது. வாயில் திரவம் எவ்வளவு கனமாக, வழவழப்பாக உட்காருகிறது என்பதுதான் விஷயம். திண்மை என்று எழுதலாம், பேச்சில் 'கெட்டி' போதும். உலர்ந்த முடிவு என்றும் எழுதுகிறார்கள். நாக்கையும் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வுக்குத் துவர்ப்பு என்று தனிச் சொல்லே வைத்திருக்கிற மொழியில் இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். புளிப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வோரும் உண்டு. புளிப்பில் வாயூறும், துவர்ப்பில் வாய் வறளும், சோதனை அவ்வளவுதான்.

'பழக் குறிப்புகள்' என்பதற்குப் பழச் சாயல் போதும். 'சுத்தமான கோப்பை' என்பதைப் படித்துவிட்டு, கழுவிய பாத்திரத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று ஒருவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. முதல் மடக்கிலிருந்து தொண்டையில் கடைசியாகத் தங்குவது வரை குறுக்கே கெட்ட வாடை எதுவும் வராதது அது. மாசற்ற சுவை என்று எழுதலாம்.