மண்ணில் பாதி இடைவெளி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வத்தளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பை நிறைய மண் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "பிள்ளை, இதை ஒருக்கா பாரும். ஊரில எங்கட தோட்டத்து மண்ணும் இதே சிவப்புத்தான். அங்க எதை வைச்சாலும் வரும். இங்க மூண்டு முருங்கையும் அழுகிப் போச்சு. மழை பெய்தால் மூண்டு நாளைக்குத் தண்ணி நிக்குது."

மண் பரிசோதனை வேலையில் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறியவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். சிவப்பு என்பது இரும்பின் நிறம், அவ்வளவுதான். யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும், புளிப்பும் இல்லை. கொழும்புப் பக்கத்துச் செம்மண் வேறு. இங்கே வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. காலங்காலமாகப் பெய்த மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இரும்பும் அலுமினியமும் புளிப்பும்தான். நாம் போடும் பொசுபரசு பசளையையும் அந்த இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்கு இலேசில் விடாது. இந்த மண் முற்றி இறுகியதுதான் நம் பழைய வீடுகளின் கபொக் கல். வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும்.

ஆனால் ஐயாவின் பிரச்சினை புளிப்பு மட்டுமல்ல. வீட்டுக்குப் போய், நிலத்துக்குள் திருகி இறக்கும் கருவியால் முற்றத்தில் துளை போட்டேன். இரண்டு அடிக்குச் சிவப்பு மண். அதன் கீழே திடீரென்று கறுப்பு. கையில் பிசுபிசுத்தது, கூழ்முட்டை மணம், நார் நாராக உக்காத வேர்கள். முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் பழைய விளிம்பு அது. யாரோ எங்கோ ஒரு மேட்டை வெட்டி, லொறியில் கொண்டுவந்து கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, காணியாக விற்றிருக்கிறார்கள். வாங்கியவருக்கு அது தெரியாது.

நல்ல மேல்மண்ணில் ஏறக்குறைய பாதி கனவளவு வெறும் இடைவெளி. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். பெரிய துளைகள் வழியே மழை இறங்கும், காற்று நுழையும். சிறிய துளைகள் நீரைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். ஒரு கன சென்ரிமீற்றர் மண் காய்ந்த நிலையில் 1.3 கிராம் இருந்தால் அதில் பாதி இடைவெளி. அதையே 1.7 கிராமுக்கு இறுக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முதலில் நசுங்கிப் போவது பெரிய துளைகள். ஐயாவின் முற்றத்தில் நடந்தது அதுதான். தண்ணீர் நின்றது, வேருக்கு மூச்சு முட்டியது, முருங்கை அழுகியது.

இந்தத் துளைகளை யார் உண்டாக்குகிறார்கள்? மண்புழு, கறையான், வேர், பூஞ்சண இழை. ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி பற்றீரியாக்கள்வரை இருக்கலாம். அவை சுரக்கும் பசையும் பூஞ்சண நூலும் மண் துகள்களைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டுகின்றன. ஐயாவுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். அவருடைய காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் மெதுவாகப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் கரைந்து சேறாகிவிட்டது. வேலியோரம், பல வருடம் இலை விழுந்து உக்கிய பலா மரத்தடிக் கட்டியை இன்னொரு கிளாஸில் போட்டேன். அது அப்படியே இருந்தது. ஐயா நெடுநேரம் அந்த இரண்டு கிளாஸையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கீழே இருந்த அந்தக் கறுப்பு மண்ணுக்கு வருகிறேன். என் மனது அதிகம் கலங்குவது அங்கேதான். நம் வெக்கையிலும் ஈரத்திலும் மேட்டு நிலத்தில் விழுந்த இலை சில மாதங்களில் உக்கிவிடும், அதன் காபன் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். களியோடும் இரும்போடும் ஒட்டியதும் அந்த உருண்டைகளுக்குள் மறைந்ததும்தான் தங்கும். சதுப்பில் கதை வேறு. நீருக்குள் ஒட்சிசன் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். உக்கவைக்கும் உயிர்களுக்கு மூச்சு இல்லை. அதனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் நாணலும் வேரும் அப்படியே அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கும். உலகத் தரைப்பரப்பில் 3 வீதம்தான் இப்படிப்பட்ட பீற் நிலம். ஆனால் உலகின் மண் காபனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று உள்ளே போகும், சேர்ந்தது எல்லாம் காபனீரொட்சைட்டாக வெளியேறும், நிலமும் தாழும். மேலே மண் கொட்டினால் பஞ்சைக் கையால் அழுத்தியதுபோலத்தான். மதில் வெடிக்கிறது என்று மேசன்மாரைக் குறை சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருடைய காணிக்குக் கீழே இந்தக் கறுப்பு மண்ணைக் கண்டிருக்கிறேன்.

10 பேர்ச் காணியில், அதாவது சுமார் 250 சதுர மீற்றரில், ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றர் தண்ணீர். கொழும்புக்கு அது புதிய மழை அல்ல. முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தால் அவ்வளவும் கானுக்குப் போகும். முன்பு கானிலிருந்து சதுப்புக்குப் போனது. அந்தச் சதுப்பை நிரப்பிவிட்டால் 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள் போனதுபோல வீட்டுக்குள் போகும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. தலங்கமை, பெத்தகானை ஈரநிலங்கள் மழைநாளில் எவ்வளவு தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன என்பதைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

ஐயாவுக்குச் சொன்னது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. மணல் கலக்க வேண்டாம் என்றேன். களியில் கொஞ்சம் மணல் போட்டால் கொங்கிரீட் போல இறுகும். காலையில் கூட்டி எரிக்கும் சருகை எரிக்காமல் நிலத்தில் பரப்பச் சொன்னேன். ஓர் அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, கூட்டெருவும், புளிப்பைத் தணிக்கக் கொஞ்சம் டொலமைட்டுச் சுண்ணாம்பும் போட்டு, ஈர மண்ணில் காலே வைக்காமல் நடச் சொன்னேன். அவரை, பயறு போல வேர் இறங்கும் பயிர் முதலில், முருங்கை அப்புறம். வாசலில் பதித்த கல்லில் பாதியை எடுக்க வேண்டும் என்றபோது மட்டும் ஐயாவின் மனைவி, அந்த அம்மா, முகம் சுளித்தார். கடைசியில் மூன்று வரிசை எடுத்தார்கள்.

இந்த வருடம் மே மழைக்கு முன்பு ஐயா தொலைபேசியில் அழைத்தார். பின்னால் அம்மாவின் குரலும் கேட்டது, "நேரத்தைப் பாருங்கோ, நேரத்தைப் பாருங்கோ" என்று.

"பிள்ளை, பாத்திக் கட்டி ஒண்டைக் கிளாஸில போட்டிருக்கிறன். பத்து நிமிஷமாச்சு. இன்னும் கரையேல்லை."