மூக்குவழி 'நோயெதிர்ப்புச் சிகிச்சை' என்று எழுதாதீர்கள்

லயத்தில் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தூள் சலிக்கிற இடத்தில் வேலை. விடிந்தால் பத்துப் பதினைந்து தும்மல், கண் அரிப்பு, நிற்காத மூக்குநீர். பீனிசம் என்றுதான் அவர் சொல்வார், நாங்களும் அப்படித்தான். போன வாரம் நாலாக மடித்த பத்திரிகைத் துண்டோடு வந்தார். 'ஒவ்வாமை நாசியழற்சிக்கு மூக்குவழி நோயெதிர்ப்புச் சிகிச்சை' என்று தலைப்பு. ஒவ்வாமையால் வரும் அந்தப் பீனிசத்தைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

"தம்பி, இது மகரகம கேன்சர் ஆஸ்பத்திரியில நம்ம மாமாவுக்குக் குடுத்ததாச்சே? எனக்கும் அந்த வருத்தமா?"

இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ தடவை பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். இனி முடியாது.

சொற்பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலீசில் இம்யூனோதெரபி. லத்தீனில் இம்யூனிஸ் என்றால் வரியிலிருந்தும் ஊர்க்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவன், பிறகு அது நோயிலிருந்து விலக்கு என்றானது. நம் பாடப்புத்தகங்களில் நிர்ப்பீடனம், அதாவது பீடை இல்லாத நிலை. தோட்டத்தில் பீடைநாசினி அடிக்கிறோமே, அதே பீடைதான். அலர்ஜி என்ற சொல்லை 1906இல் வியன்னாவில் டாக்டர் கிளெமென்ஸ் வான் பிர்கே உண்டாக்கினார், கிரேக்கத்தில் 'வேறு', 'செயல்' என்ற இரண்டையும் சேர்த்து. நமது ஒவ்வாமை அதைவிடத் தெளிவான சொல்.

சரி, 'நோயெதிர்ப்பு' ஏன் பிழை? அக்காவின் உடம்பில் எதிர்ப்பு குறையவில்லை, தேவையில்லாத இடத்தில் கூடிப்போயிருக்கிறது. கம்பளியிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் இருக்கும், நமது ஈரலிப்பான வீடுகள் அவற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். அவற்றின் கழிவு மூக்கில் பட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு மட்டும் அதை எதிரி என்று நினைத்து, ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியை உண்டாக்கி வைத்திருந்து, அடுத்த முறை அது பட்டதும் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டித் தும்ம வைக்கிறது. இப்படிப்பட்டவருக்குப் போய் எதிர்ப்பைக் கூட்டுவதாகச் சொல்லலாமா?

இந்தச் சிகிச்சையில் செய்வது நேர்மாறானது. ஒவ்வாத அதே பொருளின் சாற்றை மிகச் சிறிய அளவில் மூக்குக்குள் விட்டு, அளவைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி, 'இது எதிரி இல்லை' என்று உடம்பைப் பழக்குகிறார்கள். 1911இல் லண்டனில் டாக்டர் லெனர்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியால் போட்டுத் தொடங்கிய வழி இது. இன்று தோலடி ஊசியும் நாக்கடி மருந்தும்தான் அதிகம். மூக்குவழி மருந்து விட்டவுடனேயே தும்மலைக் கிளப்பிவிடுவதால் அவ்வளவாகப் பரவவில்லை.

புற்றுநோயில் கொடுக்கும் இம்யூனோதெரபியோ பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பைத் தட்டி எழுப்புகிறது. அங்கே 'நோயெதிர்ப்பு' பொருந்தும். இங்கிலீசுச் சொல்லில் திசை இல்லை, அதனால் இரண்டையும் தாங்கும். நம்முடைய 'எதிர்ப்பு' திசையைச் சொல்லிவிடுகிறது, அதனால் தாங்காது. இதைச் சொன்னால், அது நோயெதிர்ப்பு மண்டலத்தைக் குறிக்கிறது என்று விளக்கம் வரும். படிப்பவருக்கு மண்டலம் எங்கே தெரிகிறது? எதிர்ப்புச் சக்தி கூடும், தடிமலே வராது என்றுதான் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் அக்காவைப் போலப் பயந்துபோவார். 'மூக்குத் தடுப்பு மருந்து' என்று எழுதுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், பள்ளிக்கூடத்தில் போடும் தடுப்பூசி மாதிரி ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்று நினைக்க வைக்கும். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள், அந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஒரு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நான் சொல்வது 'பழக்கு சிகிச்சை'. மாட்டைப் பழக்குகிறோம், யானையைப் பழக்குகிறோம், அதே வினை. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் 'ச்' வராது. மூக்கில் விட்டால் மூக்குவழிப் பழக்கு சிகிச்சை, நாக்கின் கீழ் வைத்தால் நாக்கடிப் பழக்கு சிகிச்சை. 'தாங்குதிறன் சிகிச்சை' என்று ஒரு நண்பர் சொன்னார், பிழையில்லை, ஆனால் அக்காவுக்கு அதையும் விளக்க வேண்டி வரும்.

பழக்குவது என்றதும் அவர் கேட்டது இதுதான்: "எவ்வளவு நாளைக்குப் பழக்கணும்?" மூன்று வருசமாவது ஆகும் என்றேன்.